மண்ணும் வீடும்: அஸ்திவாரம் பற்றி வாசகர் கேள்விகள்

வீடு கட்டத் தொடங்குபவர்களும் கட்டி முடித்தவர்களும் அஸ்திவாரம் குறித்து அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: கெட்டியான தரையில் நேரடியாகவே சுவரை எழுப்பினால் என்ன? மண்ணுக்குள் மறைந்துபோகும் பகுதிக்கு இவ்வளவு செலவு செய்ய வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். இரண்டு மாடி வீட்டின் நடுத்தூண் ஒன்றில் சுமார் 30 டன் சுமை இறங்குவது சாதாரணம். அந்தத் தூணின் அளவு 230 மி.மீ.க்கு 300 மி.மீ. என்றால், அடியில் ஒரு சதுர மீட்டருக்கு 430 டன்னுக்கு மேல் அழுத்தம் வருகிறது. கான்கிரீட் அதைத் தாங்கும். நல்ல மண்கூட ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 20, மிஞ்சினால் 25 டன்தான் தாங்கும். ஆகவே அந்தச் சுமையை இருபது, முப்பது மடங்கு பெரிய பரப்பில் விரித்துக் கொடுக்க வேண்டும். இது அஸ்திவாரத்தின் முதல் வேலை. பெரும்பாலோர் இதை மட்டுமே அறிந்திருக்கிறார்கள்.

இதைவிட முக்கியமான வேலை இன்னொன்று உண்டு. எந்த வீடும் மண்ணில் கொஞ்சம் இறங்கும். முழு வீடும் ஒரே அளவாக 20, 25 மி.மீ. இறங்கினால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. வெளியிலிருந்து வரும் குழாய்களின் இணைப்பை மட்டும் கவனித்தால் போதும். ஒரு மூலை 5 மி.மீ.யும் அடுத்த தூண் 20 மி.மீ.யும் இறங்கினால்தான் ஆபத்து. அடுத்தடுத்த இரு தூண்களுக்கு இடையே உள்ள இறக்க வித்தியாசம், அவற்றின் இடைவெளியில் முந்நூறில் ஒரு பங்கைத் தாண்டும்போது சுவர்கள் விரிசல் விடத் தொடங்கும். 4 மீட்டர் இடைவெளிக்கு அது வெறும் 13 மி.மீ. ஐந்நூறில் ஒரு பங்குக்குள், அதாவது 8 மி.மீ.க்குள் நிறுத்துவதே பொறியாளரின் நோக்கம். 1173-ல் கட்டத் தொடங்கிய பைசா கோபுரம் சாய்ந்ததற்கும் இதுவே காரணம். கல் வலுவற்றுப் போகவில்லை. தென்புறத்து மென்மண் வடபுறத்தைவிட அதிகமாக அமுங்கியது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வடபுறத்து அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றி, அந்தப் பக்கத்தையும் இறங்க வைத்துத்தான் சாய்வைக் குறைத்தார்கள்.

இவை தவிர, வெயிலிலும் மழையிலும் சுருங்கி விரியும் மேல்மண்ணுக்குக் கீழே வீட்டை ஊன்றுவதும், காற்றிலும் நிலநடுக்கத்திலும் வீடு நகராமல் பிடித்துக்கொள்வதும், தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுப்பதும் அஸ்திவாரத்தின் பொறுப்பு. நேரடியாகத் தரையில் எழுப்பிய சுவர் இவை எல்லாவற்றிலும் தோற்கும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்கு 5 அடி தோண்டினார்கள். எங்கள் மேஸ்திரியும் 5 அடி போதும் என்கிறார். ஆழத்தை எப்படி முடிவு செய்வது?

5 அடி சரியாகவே இருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டை அதற்குச் சாட்சியாகக் கொள்ள முடியாது. அடுத்தடுத்த மனைகளில் ஒன்று பழைய குளத்தை மூடியதாகவும் மற்றொன்று இயற்கை மண்ணாகவும் இருப்பது அடிக்கடி காணக்கூடியதே.

வேரும் மக்கிய இலையும் கலந்த மேல்மண்ணை முழுவதும் தாண்ட வேண்டும். கொட்டி மேடாக்கிய மண் இருந்தால், அது எத்தனை அடியானாலும், இயற்கை மண் தட்டுப்படும் வரை இறங்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் அடுக்கைக் கடக்க வேண்டும். தரை உறையும் குளிர்ப் பகுதிகளில் உறையும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். இத்தனையும் முடிந்தபின் கிடைக்கும் மண், உங்கள் வீட்டின் சுமைக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும்.

ஆழம் கூடக் கூட நல்லது என்ற எண்ணம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சில இடங்களில் மேலே இரண்டு மூன்று மீட்டர் கெட்டியான அடுக்கும் அதற்குக் கீழே சேறு போன்ற மென்களிமண்ணும் இருக்கும். அங்கே ஆழமாகத் தோண்டினால், நல்ல மண்ணை வெட்டி எறிந்துவிட்டு மோசமான மண்ணுக்கு அருகில் வீட்டைக் கொண்டு வைக்கிறீர்கள். சதுர ஃபுட்டிங் (தூணின் சுமையை மண்ணில் விரித்துக் கொடுக்கும் அகலமான கான்கிரீட் அடி) ஒன்றின் அழுத்தம் அதன் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம் வரை உணரப்படும். அதற்குக் கீழேதான் பத்தில் ஒரு பங்காகக் குறையும். 1.5 மீட்டர் அகல ஃபுட்டிங்கை 1.5 மீட்டர் ஆழத்தில் வைத்தால், 4.5 மீட்டர் ஆழம் வரை உள்ள மண் உங்களுக்குச் சம்பந்தப்பட்டது. குழியின் அடியைக் கடப்பாரையால் குத்திப் பார்த்து ‘கெட்டியாக இருக்கிறது’ என்பது அந்த மூன்று மீட்டரைப் பற்றி எதுவும் சொல்லாது.

குறைந்தபட்சம் மனையின் எதிரெதிர் மூலைகள் இரண்டில் சோதனைக்குழி தோண்டிப் பாருங்கள். உத்தேச ஆழத்தைவிட இன்னும் ஒன்றரை மீட்டராவது கீழே போகட்டும். ஆழமான குழிக்குள் பக்கமண்ணுக்கு முட்டுக் கொடுக்காமல் யாரும் இறங்கக் கூடாது. பக்கச்சுவரில் மண்ணின் நிறம் மாறும் இடங்களை அளந்து குறியுங்கள். செங்கல் துண்டு, பாலிதீன், கரித்தூள் தென்பட்டால் அது கொட்டிய மண். களிமண்ணாக இருந்தால் கட்டைவிரலை அழுத்துங்கள்: விரல் எளிதாக உள்ளே போனால் மென்மண், நகத்தின் தடம் மட்டும் பதிந்தால் கெட்டி மண். தண்ணீர் ஊறினால் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதை மறுநாள் பாருங்கள். மழைக்காலத்தில் அது இன்னும் மேலே வரும்.

கேள்வி: மண் பரிசோதனையில் என்ன செய்கிறார்கள்? அறிக்கையில் எதைப் படிக்க வேண்டும்?

துளையிட்டு, குறிப்பிட்ட ஆழங்களில் ஒரு குழாயை மண்ணுக்குள் அடிப்பார்கள். 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ விட்டு, குழாய் 45 செ.மீ. இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணுவார்கள். முதல் 15 செ.மீ. கலைந்த மண் என்பதால் கணக்கில் சேராது. கடைசி 30 செ.மீ.க்கான எண்ணிக்கையே ‘என்’ (N) மதிப்பு. மணலில் இது 10-க்குக் கீழே இருந்தால் தளர்ந்த மணல். 30-ஐத் தாண்டினால் நெருக்கமான மணல். களிமண்ணில் 4-க்குக் கீழே இருந்தால் மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கூடவே மண் மாதிரிகளை ஆய்வகத்தில் சோதிப்பார்கள்.

‘தாங்குதிறன் 15 டன்’ என்று ஒற்றை எண்ணோடு முடியும் அறிக்கையை ஏற்காதீர்கள். எந்த ஆழத்தில், எவ்வளவு அகல ஃபுட்டிங்குக்கு, எவ்வளவு இறக்கத்தை அனுமதித்து அந்த எண் என்று எழுதியிருக்க வேண்டும். துளையிட்டபோது நிலத்தடி நீர் இருந்த மட்டம், மண்ணின் உப்பும தன்மை, சல்பேட், குளோரைடு அளவு ஆகியவையும் வேண்டும். உப்பு அதிகமுள்ள மண்ணில் சிமெண்ட் வகையையும் கம்பிக்கான கவரையும், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனத்தையும், மாற்றியாக வேண்டும்.

சிலர் குழியில் ஒரு தகட்டை வைத்து அழுத்தி, அது இறங்குவதை அளக்கும் தகட்டுச் சோதனை மட்டும் செய்து தருவார்கள். 30 செ.மீ. தகட்டின் அழுத்தம் 60 செ.மீ. ஆழத்தோடு அடங்கிவிடும். கீழே மென்மண் இருந்தாலும் முடிவு நன்றாகவே வரும்.

கேள்வி: ஃபுட்டிங் அளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? வரைபடத்தில் உள்ளது சரிதானா என்று நாங்களே தோராயமாகப் பார்க்க முடியுமா?

முடியும். தூண்கள் இருபுறமும் 3.5 மீட்டர் இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுத்தூணின் பங்குக்கு 3.5 × 3.5, அதாவது சுமார் 12.25 சதுர மீட்டர் தளம் வரும். 125 மி.மீ. கான்கிரீட் தளம், தரைப்பூச்சு, ஆட்களும் சாமான்களும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ. ஆக தளத்துக்கு 7.5 டன். அதன் மீதுள்ள சுவர்களுக்கு 6 டன், பீமுக்கும் தூணுக்கும் 2 டன். ஒரு மாடிக்கு 15.5 டன்; இரண்டு மாடிக்கு 31 டன். ஃபுட்டிங்கின் சொந்த எடைக்கும் மேலே நிற்கும் மண்ணுக்கும் பத்து சதவீதம் கூட்டினால் 34 டன் ஆகும்.

மண் 15 டன் தாங்கும் என்றால் 34-ஐ 15-ஆல் வகுங்கள்: 2.27 சதுர மீட்டர். சதுரமாக வைத்தால் பக்கம் 1.5 மீட்டருக்குச் சற்று அதிகம், 1.55 வைப்பார்கள். 10 டன் மண்ணில் அதே தூணுக்கு 1.85 மீட்டர் வேண்டும். 5 டன் மண்ணில் 2.6 மீட்டர் ஆகிவிடும். அந்த நிலையில் ஃபுட்டிங்குகள் சேர்ந்து வீட்டின் பரப்பில் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். தனித்தனியாகப் போடுவதைவிட முழு வீட்டுக்கும் ஒரே ராஃப்ட், அதாவது வீட்டின் அடி முழுவதும் பரவும் ஒரே கான்கிரீட் பலகை, போடுவதே அப்போது புத்திசாலித்தனம்.

உங்கள் வரைபடத்தில் எல்லாத் தூண்களுக்கும் ஒரே அளவு ஃபுட்டிங் காட்டியிருந்தால் கேள்வி கேளுங்கள். மூலைத்தூணில் நடுத்தூணின் பாதிச் சுமைகூட வராமல் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே அளவு வைத்தால் நடுவில் அழுத்தம் அதிகம், மூலையில் குறைவு. இறக்கமும் அப்படியே வேறுபடும். சுமைக்கேற்றபடி அளவை மாற்றி, எல்லா இடத்திலும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாக வரச் செய்வதே சரியான முறை.

கேள்வி: எங்கள் மனை கரிசல் மண். ஒற்றை மாடிதானே, லேசான வீடுதானே என்று சாதாரண அஸ்திவாரமே போடச் சொல்கிறார்கள். போடலாமா?

கூடாது. கரிசல் மண்ணில் லேசான வீட்டுக்குத்தான் தொல்லை அதிகம். ஈரம் ஏறும்போது இந்த மண் உப்பி மேலே தள்ளும். கனமான கட்டிடம் தன் எடையால் அந்தத் தள்ளலை ஓரளவு அடக்கும். ஒற்றை மாடி வீட்டால் முடியாது. மழையில் தூக்கி, கோடையில் இறக்கி, சில ஆண்டுகளில் சுவர்களைக் கிழித்துவிடும். வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் ஒரே சீராக நிற்கும். ஓரங்களில் காய்ந்து நனையும். மூலைகளில் முதலில் விரிசல் வருவது இதனால்தான்.

உங்கள் மண் எவ்வளவு உப்பும் என்பதை எளிதாக அளக்கலாம். உலர்த்தி மெல்லிய சல்லடையில் சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு 100 மி.லி. அளவுக் குடுவைகளில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் மண்ணெண்ணெய் நிரப்பி, காற்றுக்குமிழ் போகக் கலக்கி, 24 மணி நேரம் வையுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதில் 10 மி.லி. அளவில் நிற்கும் மண் தண்ணீரில் 16 மி.லி. ஆகியிருந்தால் உப்பல் 60 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே மிகவும் ஆபத்தான வகை.

வழிகள் மூன்று. உப்பும் அடுக்கு மெலிதாக இருந்தால் அதைக் கடந்து கீழே உள்ள நிலையான மண்ணில் ஊன்றலாம். ஒரு மீட்டர் அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டு, உப்பாத கிராவல் மண்ணைப் படைபடையாக இறுக்கி, அதன் மேல் கட்டலாம். அடுக்கு ஆழமானால், அடியில் குமிழ் விட்ட பைல்கள், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்கள், போட வேண்டும். 250 அல்லது 300 மி.மீ. விட்டமுள்ள துளையின் அடிப்பகுதியை இரண்டரை மடங்கு அகலமாக்கி, சுமார் 3.5 மீட்டர் ஆழத்தில் நிறுத்துவார்கள். அந்தக் குமிழ் கீழே நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். பைல்களை இணைக்கும் பீமுக்கும் அதற்கடியில் உள்ள மண்ணுக்கும் இடையே 80 முதல் 100 மி.மீ. இடைவெளி கட்டாயம். பீம் மண்ணில் உட்கார்ந்துவிட்டால், உப்பும் மண் பீமையே தூக்கி, பைல் போட்டதை வீணாக்கிவிடும். சென்ட்ரிங் பலகையை எடுக்காமல் விடுவதும், இடைவெளியில் கழிவைத் திணித்து அடைப்பதும் அடிக்கடி நடக்கும் தவறுகள்.

குழியில் மணலை மட்டும் கொட்டி நிரப்புவதும் தவறு. சுற்றிலும் தண்ணீர் புகாத களிமண், நடுவில் மணல் என்றால் அது நீர்த்தொட்டியாகிவிடும். மழைநீர் முழுவதும் அதில் தேங்கி, அடியில் உள்ள களிமண்ணை நன்றாக நனைத்து உப்ப வைக்கும். வீட்டைச் சுற்றி 1.5 முதல் 2 மீட்டர் அகலத்துக்கு வெளிப்புறம் சரிந்த தளம் போடுங்கள். மரம் வைப்பதானால் அது முழுதாக வளர்ந்தபின் எட்டும் உயரம் அளவுக்குத் தள்ளி வையுங்கள். குளியலறைக் குழாய் கசிவை அன்றைக்கே சரிசெய்யுங்கள்.

கேள்வி: மனையில் ஒரு பாதி பாறை, மறுபாதி மண். பாறைப் பக்கம் செலவு மிச்சம்தானே?

மிச்சமாகத் தெரியும், ஆனால் பாறை இறங்காது, மண் இறங்கும். இரண்டும் சேரும் கோட்டில் வீடு வெடிக்கும். மண் பக்கத்துத் தூண்களையும் பாறை வரை இறக்குவது முதல் தேர்வு. அது முடியாத ஆழமானால் பாறைப் பக்கத்தை 30 முதல் 50 செ.மீ. வெட்டி, இறுக்கிய மணல் மெத்தை கொடுக்கலாம். அல்லது அந்தக் கோட்டிலேயே வீட்டை இரண்டாகப் பிரித்து, அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி வரை இடைவெளி விட்டுக் கட்டலாம்.

கேள்வி: குழி தோண்டிய மறுநாள் மழை பெய்து தண்ணீர் நின்றுவிட்டது. இறைத்துவிட்டுக் கான்கிரீட் போடலாமா?

இறைத்தால் மட்டும் போதாது. அடியில் ஊறிக் குழைந்த சேற்றை, கெட்டி மண் தெரியும் வரை மண்வெட்டியால் சீவி எடுக்க வேண்டும். அப்படிக் கூடுதலாக எடுத்த ஆழத்தைத் திரும்ப மண்ணால் நிரப்பாதீர்கள். சிமெண்ட், மணல், ஜல்லி 1:4:8 விகிதத்தில் கலந்த கான்கிரீட்டால் நிரப்புங்கள். இயந்திரம் தவறுதலாக ஆழமாகத் தோண்டிவிட்ட இடத்துக்கும் இதே விதி. அடுத்த முறை கடைசி 15 செ.மீ. மண்ணை மட்டும் விட்டுவைத்து, பி.சி.சி. (ஃபுட்டிங்குக்கு அடியில் பரப்பும் கம்பியில்லாத கான்கிரீட்) போடும் நாள் காலையில் கையால் எடுத்தால் இந்தத் தொல்லை வராது.

கேள்வி: பி.சி.சி. போடாமல் நேரடியாகக் கம்பிக்கூடை வைத்தால் என்ன குறை? ஃபுட்டிங் போடும் அன்று எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும்?

பி.சி.சி. சுமையைத் தாங்குவதற்காக அல்ல. மட்டமான, சுத்தமான தரை தருவது, கான்கிரீட்டின் பால் மண்ணுக்குள் இறங்காமல் தடுப்பது, கம்பிக்கு அடியில் கவர் கிடைக்கச் செய்வது ஆகியவையே அதன் வேலை. 1:4:8 அல்லது 1:3:6 கலவையில் 75 முதல் 100 மி.மீ. கனம் போதும். ஃபுட்டிங்கைவிட நான்கு பக்கமும் 100 மி.மீ. அதிகமாக இருக்கட்டும்.

அதன் மேல் தூண்களின் மையக்கோடுகளை நூல் கட்டிக் குறியுங்கள். மூலை செங்கோணமாக இருக்கிறதா என்பதை 3-4-5 அளவில் (பக்கங்கள் 3, 4 என்றால் குறுக்கே 5) பார்த்துவிட்டு, முழு வீட்டின் இரு மூலைவிட்டங்களும் சமமா என்றும் அளந்துவிடுங்கள். இந்த நேரத்தில் கண்டுபிடிக்கும் பிழையைச் சாக்பீஸைத் துடைத்துத் திருத்திவிடலாம்; கான்கிரீட் போட்டபின் கண்டுபிடித்தால் தூண் கம்பியை வளைப்பார்கள். தூண் 50 மி.மீ. விலகியதற்காகக் கம்பியைச் சாய்த்து இழுத்துக்கொண்டுவரும் வேலையை அனுமதிக்கவே கூடாது.

மேலே கணக்கிட்டது போன்ற ஃபுட்டிங்குக்கு ஏறத்தாழ 350 மி.மீ. கனமும், இருபுறமும் 150 மி.மீ. இடைவெளியில் 10 மி.மீ. கம்பியும் வரும். கனம் குறைந்தால் தூண் ஃபுட்டிங்கைத் துளைத்துக்கொண்டு இறங்கப் பார்க்கும். அந்தக் குறையைக் கம்பியைக் கூட்டி ஈடுகட்ட முடியாது. கம்பிக்கூடைக்கு அடியில் 50 மி.மீ. கவர் பிளாக் வையுங்கள். ஜல்லித்துண்டையும் செங்கல் துண்டையும் வைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். செங்கல் ஈரத்தை உறிஞ்சிக் கம்பிக்கு ஊட்டும். தூண் கம்பிகள் கூடையின் மேல் 300 மி.மீ. நீள ‘எல்’ வளைவோடு உட்கார வேண்டும். ஃபுட்டிங்கின் கனத்துக்குள்ளும் இரண்டு மூன்று வளையங்கள் கட்டினால்தான் கான்கிரீட் கொட்டும்போது அவை நகராது. கம்பியை ஒட்டுப்போட நேர்ந்தால் விட்டத்தைப் போல் 50 மடங்கு நீளம் விடுங்கள். 16 மி.மீ. கம்பிக்கு அது 800 மி.மீ. எல்லா ஒட்டுகளையும் ஒரே மட்டத்தில் வைக்காதீர்கள்.

கலவை 1:1½:3 என்றால், 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர் தண்ணீர். மணல் ஈரமாக இருந்தால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். வேலை சுலபமாகட்டும் என்று இன்னொரு வாளி ஊற்றும் இடத்தில்தான் வலு போகிறது. ஒரு ஃபுட்டிங்கை ஒரே மூச்சில் போட்டு முடியுங்கள். வைப்ரேட்டர் ஊசியைச் செங்குத்தாக இறக்கி மெதுவாக எடுக்க வேண்டும். கான்கிரீட்டைத் தள்ளுவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. மறுநாளிலிருந்து குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்ட் என்றால் 10 நாள், ஈரச் சாக்கு போர்த்தி நீராற்றுங்கள். மண்ணுக்குள் மறையப்போவதுதானே என்று இரண்டே நாளில் மூடிவிடுவது மிகப் பரவலான தவறு.

கேள்வி: எல்லையை ஒட்டித் தூண் வருகிறது. ஃபுட்டிங்கை அடுத்தவர் மனைக்குள் நீட்ட முடியாது. தூணை ஃபுட்டிங்கின் ஓரத்தில் வைக்கலாமா?

தூணின் மையம் ஃபுட்டிங்கின் மையத்திலிருந்து அதன் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு வரை விலகலாம். 1.5 மீட்டர் ஃபுட்டிங்குக்கு அது 25 செ.மீ. நீங்கள் சொல்வதுபோல் ஓரத்தில் வைத்தால் விலகல் 60 செ.மீ. ஆகும். எல்லைப் பக்க மண்ணில் அழுத்தம் பல மடங்கு ஏற, மறுபக்கம் ஃபுட்டிங் மண்ணை விட்டுத் தூக்கும், தூணும் வளையும். எல்லைத் தூணையும் உள்ளே உள்ள தூணையும் சேர்த்து ஒரே ஃபுட்டிங் போடலாம். இரண்டும் தூரமாக இருந்தால் தனித்தனி ஃபுட்டிங் போட்டு, கனமான பீம் ஒன்றால் பிணைக்கலாம். அந்தப் பீம் மண்ணில் அழுந்தாதபடி அடியில் தளர்வாக விட வேண்டும்.

கேள்வி: பிளிந்த் பீம் அவசியமா? பேஸ்மட்டத்துக்குள் எதைக் கொட்டி நிரப்பலாம்? சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறாமலிருக்க என்ன செய்வது?

தரைத்தள மட்டத்தில் ஓடும் பிளிந்த் பீம் தூண்களை ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. தரைமட்டச் சுவரின் எடையையும் தூணுக்குக் கொண்டுசேர்க்கிறது. அது இல்லாவிட்டால் சுவர் நிரப்பு மண்ணின் மேல் நின்று, தூண்கள் நிற்க, தான் மட்டும் இறங்கும். தூணுக்கும் சுவருக்கும் இடையே பிளவு விழுந்த பல வீடுகளின் கதை இதுதான்.

நிரப்புவதற்குக் கிராவல் அல்லது மணல் நல்லது. களிமண், மரத்துண்டு, சிமெண்ட் பை, இடித்த கழிவு எதுவும் வேண்டாம். மரமும் தாளும் கரையானை அழைத்துவரும். 150 மி.மீ. படையாகப் பரப்பி, ஒவ்வொரு படையையும் நனைத்துத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். கிராவலில் ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டை பிடிக்க வேண்டும். கீழே போட்டால் உடைய வேண்டும். ஒரே நாளில் மூன்றடியையும் கொட்டித் தண்ணீர் விட்டு மூழ்கடித்தால் மேற்படை மட்டும் அமரும். டைல்ஸ் போட்ட பிறகு தரை இறங்கும்.

ஓதத்தைத் தடுக்க, வெளித்தரையிலிருந்து 45 செ.மீ.க்குக் குறையாத பேஸ்மட்ட உயரமும், சுவர் தொடங்கும் மட்டத்தில் இடைவெளியின்றி ஓடும் ஈரத்தடுப்புப் படையும் வேண்டும். நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த 1:2:4 கான்கிரீட் 40 மி.மீ. கனத்தில் போதும். வாசற்படி, மூலை, குழாய் போகும் இடங்களில் அது அறுந்துபோகாமல் பாருங்கள். பின்னாளில் வெளியே தோட்ட மண்ணை அந்தப் படைக்கு மேலே குவித்தால் ஈரம் சுற்றிக்கொண்டு உள்ளே வரும்.

கேள்வி: கட்டி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் போகிறது. அஸ்திவாரம் இறங்குகிறதா?

எல்லா விரிசலும் அஸ்திவாரத்தால் வருவதில்லை. மயிரிழை போன்ற வலைப்பின்னல் விரிசல் பூச்சு சுருங்கியதால் வருவது. மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே கிடையாக ஓடுவது, வெயிலில் தளம் விரிவதால் வருவது. அஸ்திவார விரிசல் பெரும்பாலும் செங்கல் இணைப்புகள் வழியாகப் படிப்படியாகச் சாய்ந்து ஏறும். பூச்சைத் தட்டிப் பார்த்தால் சுவரிலும் இருக்கும். வெளியிலும் அதே இடத்தில் தெரியும். மேலே அகன்று கீழே ஒடுங்கினால் வீட்டின் ஓரம் அல்லது மூலை இறங்குகிறது. கீழே அகன்று மேலே ஒடுங்கினால் நடுப்பகுதி இறங்குகிறது. கூடவே கதவு இறுகும், தரை சரியும்.

முக்கியமான கேள்வி, விரிசல் நின்றுவிட்டதா, வளர்கிறதா என்பதே. முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலின் இருபுறமும் ஒரு திருகு வீதம் பதித்து, இடைவெளியை மாதம் ஒருமுறை வெர்னியரால் அளந்து ஓராண்டு எழுதி வையுங்கள். மழையில் மூடிக் கோடையில் திறந்தால் களிமண்ணின் வேலை. நிற்காமல் வளர்ந்தால் பொறியாளரை உடனே அழைக்க வேண்டும். 1 மி.மீ.க்குக் குறைவானதற்குப் பூச்சு வேலை போதும், 5 மி.மீ.க்கு மேல் போனால் காத்திருக்கவே கூடாது.

பழுதுபார்ப்பு தண்ணீரிலிருந்து தொடங்கட்டும். உடைந்த கழிவுநீர்க் குழாய், சுவரோரம் கொட்டும் மழைநீர்க் குழாய், அருகில் உள்ள பெரிய மரம் ஆகியவற்றைச் சரிசெய்ததிலேயே பல வீடுகளில் இறக்கம் நின்றுவிடும். அதன்பிறகும் தொடர்ந்தால் அடியில் புதிய கான்கிரீட் கொடுப்பார்கள். அதற்குத் தோண்டும்போது ஒரு மீட்டர் அளவுள்ள துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாகவே தோண்ட வேண்டும். சுவர் நீளம் முழுவதும் ஒரே நேரத்தில் அடிமண்ணை எடுத்தால் சுவர் சரிந்துவிடும்.

கேள்வி: ஒற்றை மாடிக்குப் போட்ட அஸ்திவாரத்தின் மேல் இன்னும் இரண்டு மாடி எழுப்பலாமா?

வரைபடம் இருந்தால் அதையும், இல்லாவிட்டால் ஃபுட்டிங்கையே திறந்தும் பார்க்க வேண்டும். நடுத்தூண் ஒன்றின் அருகிலும் ஓரத்தூண் ஒன்றின் அருகிலும் குழி தோண்டி, ஃபுட்டிங்கின் அகலம், கனம், ஆழம், அடிமண் ஆகியவற்றை அளக்கலாம். ஒரே சமயத்தில் இரண்டு குழிகள் வேண்டாம்; ஃபுட்டிங்கின் அடிமட்டத்துக்குக் கீழே போகவும் வேண்டாம். மேலே சொன்ன கணக்கின்படி ஒரு மாடிக்கு 15 டன் கூடுகிறது, 1.2 மீட்டர் ஃபுட்டிங் 15 டன் மண்ணில் மொத்தம் 21 டன்தான் தாங்கும். அப்படியானால் இன்னொரு மாடிக்கே இடமில்லை. தூணின் கம்பியும் போதுமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். மொட்டைமாடியில் துருப்பிடித்து நிற்கும் கம்பிகளை மட்டும் நம்பி மாடி எழுப்பாதீர்கள். அடியில் எவ்வளவு அகலம் இருக்கிறது என்பதை அவை சொல்லாது.

கேள்வி: சுவரிலிருந்து மூன்றடி தள்ளித் தண்ணீர்ச் சம்ப் தோண்டப் போகிறோம். பாதிப்பு வருமா?

ஃபுட்டிங்கின் அடிமட்டத்தைவிடச் சம்ப் எத்தனை மீட்டர் ஆழமாகப் போகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் ஃபுட்டிங் விளிம்பிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழம் கூடினால் இரண்டு மீட்டர் தூரம். சுவரிலிருந்து அளக்காதீர்கள், ஃபுட்டிங் சுவருக்கு வெளியே நீண்டிருக்கும். இடம் இல்லையென்றால் சம்ப்பின் ஆழத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டுங்கள். நிலத்தடி நீர் மேலே உள்ள மனையானால், வெறும் சம்ப்பை மழைக்காலத்தில் முழுவதும் காலி செய்யாதீர்கள். அடியிலிருந்து வரும் நீரழுத்தம் அதைத் தூக்கிவிடும்.